நடுவில் விழுங்கினது யார்

திருவேற்காடு
11-6-2025, புதன்

சித்ராவுக்கு,

அன்றைக்கு அடுப்பங்கரையில் இருந்தவர்கள்: நான், என்னோடு சமைக்கும் சுலோசனா, வசந்தகுமாரி, சாப்பாட்டு டப்பா எடுக்க வந்த ஆட்டோக்கார லோகநாதன். நாலே பேர். ஆர்டர் பார்க்க நீ வாங்கி வைத்துவிட்டுப் போன டேப் ஜன்னலோரம் சாய்ந்து நின்றது. அதையும் சேர்த்தால் ஐந்து. யார் யார் நின்றார்கள் என்று முதலில் சொல்லாத சாட்சி சாட்சியே இல்லை என்று தலையாரியாக இருந்த என் அப்பா சொல்வார். அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. போன வருஷம் மே மாசம் இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் திருத்தணிக்குக் காதுகுத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனவள் நீ. சொல்லாமல் போனவளிடம் பேசுவதில்லை என்று கருமாரி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நீயும் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

விஷயம் இது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை நமக்கு நாற்பத்தேழு சாப்பாட்டு ஆர்டர். சாம்பார், ரசம், கத்தரிக்காய்க் கறி. கறிக்கு நான்தான் வேர்க்கடலை வறுத்துப் பொடித்துத் தூவினேன். சுலோசனா டேப்பைப் பார்த்துப் பெயர் படித்தாள். வசந்தகுமாரி டப்பாவில் சீட்டு ஒட்டினாள். பன்னிரண்டே காலுக்கு லோகநாதன் ஏற்றிக்கொண்டு போனான். ஒன்றரைக்கு வானகரம் பிளாட்டிலிருந்து போன். நாலாவது மாடி ஜெபா. அவள் மகளுக்கு வேர்க்கடலை ஆகாதாம். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளை தேறிவிட்டது. கருமாரிதான் காப்பாற்றினாள்.

மறுநாள் ஜெபாவே வந்து நின்றாள். "வேர்க்கடலை எதுலயும் போடாதீங்கன்னு தெளிவா எழுதினேங்க. நன்றி, வந்து சேர்ந்ததுன்னு உங்க வெப்சைட்தான் சொல்லிச்சு" என்றாள். சுலோசனா அழுதுவிட்டாள். "எதுனா எழுதியிருந்தா நான் படிக்காம வுடுவனாக்கா? அதுல ஒண்ணுமே இல்ல" என்றாள். பிளாட்காரர்கள் எல்லாரும் சுலோசனா கவனிக்கவில்லை, இப்போது பொய் சொல்லுகிறாள் என்கிறார்கள். ஆனி முடிவதற்குள் காரணம் என்ன என்று காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் கேட்டுக்குள் நம் டப்பா போகாது. சுலோசனா அன்றையிலிருந்து ஊட்டை விட்டு வெளியே வருவதில்லை.

1991-ல் என் கோழியை நரி தூக்கிவிட்டது என்று சொல்லித் தானே குழம்பு வைத்தவள் சுலோசனா. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவள் பொய் சொன்னால் இடது கண் துடிக்கும். இந்தத் தடவை துடிக்கவில்லை.

நீ செய்து கொடுத்த 'எங்கூட்டுச் சாப்பாடு' வெப்சைட்டின் உள்ளே இங்கே யாராலும் திறந்து பார்க்க முடியவில்லை. அதன் சாவி உன்னிடம் இருக்கிறது. என்ன கோளாறு என்று பார்த்து எழுது. மற்றபடி உன்னிடம் எனக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
எல்லம்மா
(சம்பத்தின் தாய்)

வித்யாவுக்கு நீங்கள் போகும்போது கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்ததா? இதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுது.


கோயம்புத்தூர்
16-6-2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பல் விழுந்து, புதிதும் முளைத்துவிட்டது. கொஞ்சம் கோணல். விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும் என்று பாட்டி சொல்லியிருக்கிறது என்றாள். இங்கே கூரை இல்லை, எட்டாவது மாடி. கீழ்வீட்டு ஏசி பெட்டிமேல் எறிந்தோம்.

ஜெபாவின் மகள் நலமாக இருக்கிறாள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே திறந்து பார்த்தேன். அன்றைய ஆர்டர் பதிவாகியிருக்கிறது. குறிப்பு என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அவர் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதி, வழியில் தொலைந்தும் இருக்கலாம். எது என்று ஊகிக்க மாட்டேன். ஊகித்து ஒன்றைத் திருத்தப் போனால், சரியாக இருக்கிற இன்னொன்று கெடும். முதலில் அந்தத் தப்பை நாமே இன்னொரு தடவை நடத்திப் பார்க்க வேண்டும். நம் கண் முன்னால் நடக்காத கோளாறைச் சரிசெய்ய முடியாது அத்தை.

வசந்தகுமாரியக்காவை விதவிதமாகக் குறிப்பு எழுதி ஆர்டர் போடச் சொல்லுங்கள். சோதனை ஆர்டர் என்று தெரிய, பெயர் இருக்கும் இடத்தில் 'கருமாரி' என்று போடட்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போனை மாற்றினால் குறிப்பை மாற்றாதீர்கள், குறிப்பை மாற்றினால் போனை மாற்றாதீர்கள். குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு, தண்ணீர், புளி மூன்றையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது, எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும் என்று நீங்களே எனக்குச் சொன்னதுதான்.

வேறு கோளாறு ஏதாவது இருந்தாலும் எழுதுங்கள். 'வேலை செய்யல' என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார், என்ன செய்தார்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். உங்கள் நினைவைப் போல ஒன்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் இல்லை.

காரணம் தெரியும் வரை டேப்பை நம்ப வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் காலையில் போன் செய்து, எது ஆகாது என்று வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சித்ரா


திருவேற்காடு
21-6-2025, சனி

சித்ராவுக்கு,

கோணல் பல் எங்கள் அம்மா வழி. கவலைப்படாதே, முகத்துக்குக் களையாக இருக்கும்.

கேட்டபடி எழுதுகிறேன். மார்ச் பன்னிரண்டு, புதன். இரண்டாவது மாடி ஞானசேகரன் சார் ஒரு சாப்பாடு கேட்டார், டேப்பில் இரண்டு வந்தது. கேட்டதற்கு, "பட்டனை அமுக்கினேன், வட்டமா சுத்திட்டே இருந்தது. சரி, விழல போலன்னு இன்னொரு தரம் அமுக்கினேன்" என்றார். அந்த இரண்டாவது சாப்பாட்டை லோகநாதன் தின்றான். அவனுக்கு இந்தக் கோளாறு பிடித்திருக்கிறது.

ஏப்ரல் இருபத்தொன்று, திங்கள். முருங்கைக்காய் வரவில்லை என்று வாழைப்பூவாக மாற்றினோம். டேப்பில் வாழைப்பூ. பத்து வீட்டுப் போனில் மத்தியானம் வரை முருங்கைக்காய். வாழைப்பூவைத் திறந்து பார்த்துவிட்டு எங்களை ஏமாற்றுக்காரிகள் என்றார்கள். சொன்ன பத்து பேரின் பெயரும் எனக்குத் தெரியும். இப்போது வேண்டாம்.

மே பதினான்கு, புதன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கிஷோர் என்ற பையன் விடிகாலை ஐந்து பத்துக்கு அன்றைய சாப்பாட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான். புதன்கிழமைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தேடினால் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறான். இதுமாதிரி இதுவரை ஏழு தடவை. ஏழு பேரையும் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஏழும் ஐந்தரைக்கு முன்னால். ஐந்தரைக்கு மேல் போட்டதில் ஒன்றுகூடத் தேதி மாறவில்லை. ஏன் ஐந்தரை? அது பால்காரன் வரும் நேரம் என்பதைத் தவிர எனக்கு வேறு தெரியவில்லை.

இனி பெரிய விஷயம். நேற்று மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். இருந்தவர்கள்: நான், வசந்தகுமாரி, லோகநாதன். சுலோசனாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். வசந்தகுமாரி 'உப்பு கம்மியா' என்று எழுதினாள், டேப்பில் வந்தது. அதையே மூன்று போனில் எழுதினாள், மூன்றும் வந்தது. இங்கிலீஷில் எழுதினாள், வந்தது. 'வேர்க்கடலை வேணாம்' என்று எழுதினாள், அதுவும் வந்தது. சுலோசனா முகம் செத்துப்போயிற்று. அப்போது லோகநாதன், நானும் ஒன்று போடுகிறேன் என்று வசந்தகுமாரி வைக்கும் ரசத்தைப் பற்றிப் பதினோரு வரி எழுதினான். முழுசும் குறை. அமுக்கினான். 'நன்றி, வந்து சேர்ந்தது' என்று பச்சையாக வந்தது. டேப்பில் ஒன்றும் இல்லை.

"இன்னா பெரிம்மா, நன்றின்னு சொல்லுது, ஆனா ஒண்ணியும் காணோம்?" என்றான்.

நான் விடவில்லை. அதே குறையை ஒவ்வொரு வார்த்தையாகக் குறைத்து எழுதச் சொன்னேன். வசந்தகுமாரிக்கு அத்தனை தடவை திட்டு. இரண்டு வரிக்குள் வந்ததும் டேப்பில் தெரிந்தது. அதற்கு ஒரு வார்த்தை கூட்டினால் தெரியவில்லை. நீளமாக எழுதினால் விழுங்குகிறது. ஜெபாவை அழைத்துக் கேட்டேன். என்ன ஆகாது, சாப்பிட்டால் என்ன ஆகும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுதினாளாம். ஜாக்கிரதையாக எழுதியவள் எழுதினதுதான் போய்ச் சேரவில்லை.

ஆக ஜெபா சொன்னதும் உண்மை. சுலோசனா சொன்னதும் உண்மை. நடுவில் ஒன்று விழுங்கிவிட்டு, வந்து சேர்ந்தது என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறது. சுலோசனா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். பத்து நாளாகத் தொடாத கத்தி.

நீ செய்த பெட்டி உன்னைப் போலத்தானே இருக்கும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சம்பத் தினமும் எட்டரைக்குக் கம்பெனி அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு, நான் கட்டிக் கொடுக்கும் டப்பாவோடு ஆபீஸ் போகிறான், ஆறரைக்கு வருகிறான். டப்பாவைக் கழுவிக்கூடக் கொண்டுவருகிறான். அப்படிப்பட்டவனை விட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படித்தான் போனாயோ.

எல்லம்மா


கோயம்புத்தூர்
27-6-2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். ஐந்தரை மணி என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். சர்வர், அதாவது நம் வெப்சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டர், நம் ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. உலகத்துக்குப் பொதுவான ஒரு கடிகாரத்தைப் பார்க்கிறது. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நமக்கு விடிகாலை ஐந்து பத்து என்றால் அதற்கு இன்னும் முந்தின நாள் முடியவில்லை. நேரத்தை அந்தக் கடிகாரப்படியே எழுதி வைக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்தக் கிழமைப் பட்டியல் என்று பிரிக்கும்போது நம் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். நேற்று சரிசெய்துவிட்டேன்.

முருங்கைக்காய் விஷயம்: ஒரு தடவை பார்த்த பக்கத்தைப் போன் தன்னிடமே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சீக்கிரம் காட்டலாம் என்று. நல்ல எண்ணம்தான், ஆனால் பழசைக் காட்டும். படம், பெயர்ப்பலகை எல்லாம் நகலாக இருக்கட்டும். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்கு என்று இப்போது சொல்லி வைத்திருக்கிறேன்.

லோகநாதனுக்கு இனி இரண்டாவது சாப்பாடு கிடையாது. பட்டனை ஒரு தடவை அமுக்கினால் அது மங்கிவிடும், மறுபடி அமுக்க முடியாது. அது மட்டும் போதாது, நெட் சரியில்லாதபோது போனே இன்னொரு தரம் அனுப்பும். அதனால் பக்கத்தைத் திறக்கும்போதே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு டோக்கன் எண் கொடுக்கிறேன். ரேஷன் கடையில் ஒரே டோக்கனை இரண்டு தடவை நீட்டினால் இரண்டு தடவை அரிசி போடுவார்களா? அதுபோல சர்வரும் போடாது.

இதையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வெப்சைட்டில் கை வைத்துச் செய்யவில்லை. எரிகிற அடுப்பில் விறகை உருவக் கூடாது என்பீர்களே. தனியாக ஒரு நகல் எடுத்து, அதில் செய்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே மாற்றினேன்.

இனி விழுங்கின விஷயம். விழுங்கச் சொன்ன வரியை எழுதியது நான்தான் அத்தை. குறிப்புக்கு அறுபது எழுத்துதான் இடம் வைத்திருந்தேன். மீறினால் பிழை வந்து பக்கமே நின்றுபோனது. அது வித்யாவுக்கு டெங்கு வந்த வாரம். ஆர்டர் நிற்கக் கூடாது என்று, பிழை வந்தால் யாரிடமும் சொல்லாமல் மேலே போ என்று ஒரு வரி எழுதினேன். நாளைக்கு ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக அந்த நாளை வரவில்லை. ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

இப்போது இடத்தைப் பெரிதாக்கிவிட்டேன். குறிப்பு பதிவாகிவிட்டது என்று சர்வரே திருப்பிச் சொன்னால்தான் 'வந்து சேர்ந்தது' என்று வரும். இல்லாவிட்டால் சிவப்பில் 'போய்ச் சேரவில்லை, போன் செய்யுங்கள்' என்று வரும், எனக்கும் இங்கே ஒரு மணி அடிக்கும். உங்கள் டேப்பில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். படித்துவிட்டு அதைத் தொட்டால்தான் எழுதியவருக்கு 'படித்தார்கள்' என்று போகும். தப்பு என்னுடையது என்று என் பெயரைச் சொல்லியே பிளாட்டில் சொல்லுங்கள். ஜெபாவுக்கு நானும் எழுதியிருக்கிறேன். சுலோசனாக்கா காலில் விழ நான் அங்கே இல்லை.

கடைசியாக ஒன்று. நான் சொல்லாமல் போகவில்லை அத்தை. நாலு பக்கம் எழுதி, உங்களிடம் கொடுக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு, போனவள் போகட்டும் என்று சொன்னதாக அவர் சொன்னார். பதின்மூன்று மாதமாக அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நானும் இருக்கிறேன். இவ்வளவு நாள் அதைப் பற்றி எழுதாததற்கு என் ரோஷம்தான் காரணம்.

சித்ரா


திருவேற்காடு
3-7-2025, வியாழன்

சித்ரா,

எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. 'போகட்டும்' என்று நான் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. திட்டுவேன், போகட்டும் என்று சொல்ல மாட்டேன். என் வாயை நீ எட்டு வருஷம் கேட்டவள், அந்த வார்த்தை என்னுடையதா என்று நீயே யோசித்திருக்கலாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ பொய் சொல்லுகிறாய் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஜெபாவும் சுலோசனாவும் எதிரும் புதிருமாக நின்றது கண்ணில் நின்றது.

நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி கேட்கிறேன். அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, என்ன தாள், யார் கையிலிருந்து யார் கைக்கு. தெரிந்ததை மட்டும் எழுது. ஊகம் வேண்டாம். சம்பத்திடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லம்மா


கோயம்புத்தூர்
8-7-2025

அன்புள்ள அத்தைக்கு,

இருந்தவர்கள்: நான், வித்யா, அவர், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வந்த லோகநாதன். காலை பத்து மணி பத்து நிமிடம். நீங்கள் ஏழுக்கே கிளம்பியிருந்தீர்கள். முந்தின நாளே உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. அது என் தப்பு.

தாள் வித்யாவின் கணக்கு நோட்டில் கிழித்தது, கட்டம் போட்டது. நீல மை. பழுப்புக் கவர், மேலே 'அத்தைக்கு' என்று மட்டும். வாசலில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அவர் போன் செய்தார். "அம்மா படிச்சிட்டாங்க. போனவ போகட்டும்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

இதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே என்ன எழுதினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அது உங்கள் கடிதம். கிடைத்தால் நீங்களே படியுங்கள்.

பாட்டி என்ன எழுதியிருக்கிறது என்று வித்யா தினமும் கேட்கிறாள். வெப்சைட்டில் பிழை கண்டுபிடிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

சித்ரா


திருவேற்காடு
14-7-2025, திங்கள்

என் மருமகள் சித்ராவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நம் ஊட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், சுலோசனா, வசந்தகுமாரி, லோகநாதன், வானகரத்திலிருந்து மகளோடு வந்த ஜெபா, சம்பத். எல்லாரையும் நான்தான் வரச் சொன்னேன்.

முதலில் ஜெபா முன்னால் வசந்தகுமாரி நீளமாக ஒரு குறிப்பு எழுதினாள். பதினைந்து வரி. முழுசும் டேப்பில் வந்தது. சுலோசனா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள், கட்டத்தைத் தொட்டாள், ஜெபா போனில் 'படித்தார்கள்' என்று வந்தது. ஜெபா எழுந்து சுலோசனா கையைப் பிடித்துக்கொண்டாள். உன் கடிதத்தைப் பிளாட்டில் எல்லாரிடமும் காட்டிவிட்டாளாம். "தப்பு என்னோடதுன்னு பேர் போட்டு யாருங்க எழுதுறா இந்தக் காலத்துல" என்றாள். கேட்டில் தடை இல்லை. அந்தப் பிள்ளை எங்கள் பூனையோடு விளையாடிவிட்டு, வேர்க்கடலை இல்லாத முறுக்கு நாலு தின்றது.

அவர்கள் போன பிறகு லோகநாதனைக் கேட்டேன். போன வருஷம் மே இருபத்தாறு, காலை பத்து பத்து, வாசலில் என்ன பார்த்தாய்? அவன் சம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணி ஒரு கவர் குடுத்துச்சு பெரிம்மா. அண்ணாத்த வாங்கி பேக்ல வெச்சுகினாரு. அவ்ளோதான் நான் பாத்தது" என்றான்.

சம்பத் எழுந்தான். உள்ளே போய், தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகும் பையைக் கொண்டுவந்து, அதன் அடி அறையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்துக் கொடுத்தான். கிழித்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. பதின்மூன்று மாசம் என் சாப்பாட்டு டப்பாவோடு ஒரே பையில் போய் வந்திருக்கிறது உன் கடிதம். ஒரு மூலையில் குழம்பு எண்ணெய் ஊறியிருந்தது.

"குடுக்கலாம்னுதாம்மா வெச்சிருந்தேன். குடுத்தா உனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்" என்றான்.

ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு நாலு பக்கம் ஒரு மணி நேரம் பிடித்தது. யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. விரல் வைத்து நானே படித்தேன். நீ போவதற்கு மூன்று மாசம் முன்னாலேயே அவன் வேலை போயிருக்கிறது. வேலை போனது பெரிய விஷயம் இல்லை, மறைப்பதுதான் தாங்க முடியவில்லை, தினமும் உங்கள் முகத்தைப் பார்த்து நானும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அவர் வரமாட்டேன் என்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார், நீங்களும் எங்களோடு வாருங்கள் அத்தை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதை நான் பதின்மூன்று மாசம் கழித்துப் படிக்கிறேன்.

ஐயப்பன்தாங்கல் டெப்போ வாசலில் பைக் டாக்சி ஓட்டுகிறானாம். கௌரவமான வேலைதான். அதற்கு ஏன் கழுத்தில் கம்பெனிப் பட்டை? எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சையாக எனக்குக் காட்ட. லோகநாதனுக்கும் தெரியுமாம். அங்கேதான் அவனும் சவாரிக்கு நிற்பான். என் சாப்பாட்டில் அவனுக்கும் பங்கு கொடுப்பானாம் சம்பத். அந்தப் பட்டையைக் கழற்றி வாங்கி டேப்பில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். இனி ஜன்னலோரத்திலிருந்து கீழே விழாது.

இன்றைக்குக் காலையில் கருமாரியிடம் போனேன். சொல்லாமல் போனவளிடம் பேசுவதில்லை என்றுதானே தாயே சத்தியம் செய்தேன், இவள் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறாள், இவளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். பூசாரியைக் கேட்டால் பரிகாரம் என்று இழுப்பார். நேரே அவளிடமே கேட்டேன். அவள் தோளிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு என் பக்கம் விழுந்தது. போதும்.

பதினெட்டாம் தேதி முதல் ஆடி வெள்ளி. அன்றைக்குக் காலையில் உனக்குப் போன் செய்கிறேன். ஐந்தரைக்கு மேல்தான் செய்வேன், தேதி மாறிவிடப் போகிறது. வித்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொள். கூழ் ஊற்றுவதற்கு இரண்டு பேரும் வாருங்கள். அவனோடு சேர்ந்து இரு என்று சொல்ல நான் கூப்பிடவில்லை. அது உன் இஷ்டம். இது என் ஊடு. நீ வந்தால் என்னிடம் வருகிறாய். உனக்கு ரயிலேற முடியாவிட்டால் சொல், நான் வருகிறேன். எட்டாவது மாடியாக இருந்தால் என்ன, லிப்டு இருக்குமே.

உன் கடிதம் வந்து சேர்ந்தது சித்ரா. படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் அத்தை,
எல்லம்மா

எழுத மறந்தது. சுலோசனாவைக் கோழி விஷயத்தில் நேற்றோடு மன்னித்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் போதும். வாய் திறக்காத லோகநாதனையும் மன்னித்தேன், அவன் கேட்டதும் சொன்னான். ஏமாற்றுக்காரிகள் என்ற பத்து பேரையும் விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை எழுதிய உன்னை, நீயே எழுதிச் சொன்ன அன்றைக்கே மன்னித்தேன். மீதி ஒரே ஒருத்தன். இனி பைக்கை நம் டப்பா ஏற்றத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாசலில் உட்கார்ந்து நாளைக்கான டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். சாப்பாடு போடுவேன். பேசுவேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், நீ வந்து நின்று சொன்னாலும் மாட்டேன். பெயர் சம்பத்.